கடத்தியது யார்? சாதியைத் தொடாத ஆள்கடத்தல் ஒழிப்பு

(மாணவர்களும் இளம் தொழிற்சங்கத் தோழர்களும் சேர்ந்து நடத்தும் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உலக நாடுகளின் அரசுகள் ஆள்கடத்தலை எப்படி எதிர்கொள்கின்றன என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஆள்கடத்தல் என்றதும் நம் கண்முன் ஒரு சினிமாக் காட்சி வந்துவிடும். இருட்டு, துறைமுகம், கண்டெய்னர் லாரி, கட்டிப்போட்ட கைகள். அதில் ஒரு வில்லன் இருப்பான், கடைசியில் ஒரு போலீஸ் அதிகாரி வருவார். அந்தக் காட்சியில் சாதி இருக்காது, நிலம் இருக்காது, கூலி இருக்காது. பெரும்பாலான அரசுகளும் இதே காட்சியை மனதில் வைத்துத்தான் சட்டம் எழுதியிருக்கின்றன. அதனால்தான் சட்டங்கள் பெருகியும் அடிமைத்தனம் குறையவில்லை. இதுதான் இன்று நான் வைக்க விரும்பும் வாதம்.

முதலில் அளவைப் பார்ப்போம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டு நிறுவனங்களும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் சுமார் 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள். அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள். மீதி கட்டாயத் திருமணம். கட்டாய உழைப்பில் இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே பாலியல் சுரண்டலில் சிக்கியவர்கள். மிகப் பெரும் பகுதி வயலில், கட்டுமானத்தில், ஆலையில், பிறர் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. ஆனால் ஊடகமும் காவல்துறையும் ஆள்கடத்தல் என்று காட்டுவது எதை என்று யோசித்துப் பாருங்கள். விடுதி ரெய்டு. முகத்தை மூடிய பெண்கள். செங்கல் சூளை அந்தச் செய்தியில் வராது.

இன்றைய சட்டங்களுக்கெல்லாம் தாய் 2000ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாலெர்மோ நெறிமுறை. இந்தியா அதை 2011இல் ஏற்று உறுதிசெய்தது. இந்த நெறிமுறை தனியாகப் பிறந்ததல்ல. எல்லை தாண்டிய திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கையின் இணைப்பாக வந்தது. அதாவது போதைப்பொருள், ஆயுதம், கள்ளப்பணம் ஆகியவற்றோடு மனிதரையும் சேர்த்துப் பார்த்த பார்வை. தொழிலாளர் உரிமைச் சட்டமாக அல்ல, எல்லைப் பாதுகாப்புச் சட்டமாகவே அது வளர்ந்தது.

ஆனாலும் அந்த நெறிமுறையின் வரையறையில் நமக்குப் பயன்படும் ஓரிடம் உண்டு. ஆட்களைத் திரட்டுவதற்குக் கையாளும் வழிகளில் வன்முறை, ஏமாற்று மட்டுமின்றி, ஒருவரின் பலவீனமான நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையும் அது சேர்க்கிறது. அப்படித் திரட்டியிருந்தால், அவர் சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது. நல்ல வரையறைதான். ஆனால் அந்தப் பலவீனமான நிலையை உருவாக்கியது யார் என்று எந்த அரசும் கேட்பதில்லை. ஒருவர் ஏன் நிலமில்லாமல் இருக்கிறார்? ஏன் அவர் தெருவில் மட்டும் ஐயாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்து வாங்க ஆள் வருகிறது? கேட்டால் பதில் சாதியில் போய் முடியும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1999 நவம்பரில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஒரு வாடகைக் குடியிருப்பில் கார்பன் மோனாக்சைடு பரவி 17 வயது இந்தியச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பள்ளிக்கூட வயதுள்ள பெண் ஏன் பள்ளியில் இல்லை என்று கேட்டவர்கள் அங்குள்ள பள்ளி மாணவர் இதழின் இரண்டு மாணவிகள். அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் லக்கிரெட்டி பாலி ரெட்டி, நகரின் மிகப் பெரிய வீட்டு உரிமையாளர்களில் ஒருவர். ஆந்திராவின் வெல்வடம் கிராமத்தைச் சேர்ந்த ஆதிக்க சாதி நிலவுடைமைக் குடும்பம். பொய் விசாவில் சிறுமிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியதும் பாலியல் சுரண்டல் செய்ததும் வெளியே வந்தன. பெரும்பாலும் ஏழை தலித் குடும்பங்களின் பிள்ளைகள். 2001இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 97 மாதச் சிறை.

அமெரிக்கா தன் ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தை இயற்றியது இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 2000ஆம் ஆண்டில்தான். வெல்வடத்தில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த நிலமும் சாதி அதிகாரமும் அப்படியே விமானம் ஏறி பெர்க்லியில் இறங்கியிருக்கின்றன. ஆனால் குற்றப்பத்திரிகையில் குடியேற்ற மோசடி இருந்தது, வரி மோசடி இருந்தது, சிறுமிகளைப் பாலியல் நோக்கத்தோடு கொண்டுவந்தது இருந்தது. சாதி என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் அமெரிக்க வெளியுறவுத் துறை 2001 முதல் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. உலக நாடுகளை முதல் நிலை, இரண்டாம் நிலை, இரண்டாம் நிலைக் கண்காணிப்புப் பட்டியல், மூன்றாம் நிலை என்று தரம் பிரிக்கிறது. மூன்றாம் நிலைக்கு விழுந்தால் சில உதவிகள் நிறுத்தப்படலாம். இந்தியா பல ஆண்டுகள் கண்காணிப்புப் பட்டியலில் இருந்துவிட்டு 2011இல் இரண்டாம் நிலைக்கு ஏறியது. அறிக்கையின் இந்தியப் பகுதியில் தலித்துகளும் பழங்குடிகளும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்ற வரி வரும். வரி வரும், அவ்வளவுதான்.

இந்த மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது? 2015 மே மாதம் மலேசிய எல்லையில் வாங் கெலியன் காட்டில் கைவிடப்பட்ட கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. ரோஹிங்கியாக்களும் வங்கதேசத்தவரும் அடைத்துவைக்கப்பட்ட முகாம்கள். அடுத்த இரண்டு மாதத்தில் வந்த அறிக்கையில் மலேசியா மூன்றாம் நிலையிலிருந்து மேலே ஏற்றப்பட்டது. அப்போது அமெரிக்கா மலேசியாவோடு பசிபிக் வணிக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. சட்டமோ மூன்றாம் நிலை நாட்டோடு விரைவு வழியில் வணிக ஒப்பந்தம் போடத் தடையாக இருந்தது. மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

சரி, அமெரிக்கா ஏகாதிபத்திய நாடு, அதன் அறிக்கையைக் குப்பையில் போடு என்று சொல்லலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்நிய சதி என்று சொல்லி விவாதத்தை மூடுவது இந்திய ஆளும் சாதிகளுக்குப் பழகிய வித்தை. 2001இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசக்கூடாது என்று இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. அப்போதும் சொன்னது அதே காரணம்தான், இது எங்கள் உள்விவகாரம். வெளி அழுத்தத்தை நாம் பயன்படுத்த வேண்டும். ஆனால் அதை விடுதலை என்று நம்பிவிடக்கூடாது.

இப்போது நமக்கு நெருங்கிய மூன்று நாடுகளைப் பார்ப்போம். நெருங்கிய என்றால் தூரத்தில் அல்ல, சமூக அமைப்பில்.

முதலாவது மொரிட்டேனியா. அங்கே ஹராத்தீன் எனப்படும் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பால் அடிமைகள். அவர்களை யாரும் லாரியில் கடத்தவில்லை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. 1981இல் அந்நாடு அடிமைமுறையை ஒழித்ததாக அறிவித்தது. அந்த ஆணையிலேயே இழப்பீட்டுக்கு வழி செய்யப்பட்டிருந்தது. யாருக்கு? எஜமானர்களுக்கு. 1833இல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மொரிட்டேனியாவில் அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 2007இல்தான். 2015இல் தண்டனை 20 ஆண்டுவரை கூட்டப்பட்டது, தனி நீதிமன்றங்களும் வந்தன. ஆனால் அந்தக் காலத்தில் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர் ஹராத்தீன் சமூகத்திலிருந்து வந்த போராளி பிராம் தா அபைத். ஐ.நா. மனித உரிமை விருது பெற்றவர். எஜமானர் வெளியே, அடிமைமுறையை எதிர்த்தவர் உள்ளே.

இரண்டாவது நேபாளம். மேற்குச் சமவெளியில் தாரு பழங்குடி மக்கள் கமையா என்ற பெயரில் நிலப்பிரபுக்களிடம் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அவர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2000 ஜூலை 17 அன்று அரசு கமையா முறையை ஒழித்தது, கடன்களை ரத்து செய்தது. நிலப்பிரபுக்கள் என்ன செய்தார்கள்? விடுதலையா, சரி, என் நிலத்திலிருந்து வெளியே போ என்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாலையோரத்திலும் காட்டோரத்திலும் கூடாரம் போட்டன. அரசு தருவதாகச் சொன்ன துண்டு நிலத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. பல குடும்பங்கள் மகள்களை நகரத்து வீடுகளுக்குக் கம்லாரியாக அனுப்பும் வழக்கமும் தொடர்ந்தது. அதையும் ஒழித்ததாக அரசு 2013இல் அறிவிக்க வேண்டிவந்தது. மேற்கு மலைப்பகுதியில் ஹலியா என்ற பெயரில் ஏர் உழுத தலித் மக்களுக்கு 2008இல்தான் விடுதலை அறிவிப்பே வந்தது. நிலம் இல்லாத விடுதலை, கொத்தடிமையைக் கூடாரத்துக்கு மாற்றும் விடுதலை.

மூன்றாவது பிரேசில். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய நாடு. 1888இல்தான் அங்கே கறுப்பின அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. பின்னர் பெரும் பண்ணைகளில் கடன் அடிமைமுறையாகத் தொடர்ந்தது. 1995இல் பிரேசில் அரசு நடமாடும் ஆய்வுக் குழுக்களை அமைத்தது. போலீஸ் மட்டுமல்ல, தொழிலாளர் ஆய்வாளர்தான் தலைமை. குழு தலைநகரிலிருந்து நேரடியாக இறங்கும். ஏனென்றால் உள்ளூர் அதிகாரியும் பண்ணை முதலாளியும் ஒரே மேசையில் சாப்பிடுபவர்கள் என்பது அரசுக்குத் தெரியும். இன்றுவரை 60,000க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

அங்கே 2003இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். உடம்பை முறிக்கும் வேலை நேரமும், மனிதரை இழிவுபடுத்தும் வேலைச் சூழலும்கூட அடிமைமுறையாகவே கருதப்படும் என்று எழுதினார்கள். சங்கிலி இருந்ததா, பூட்டு இருந்ததா என்று தேட வேண்டியதில்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, படுக்க இடமில்லை, கழிப்பறை இல்லை என்றால் அதுவே சான்று. மீட்கப்பட்டவருக்கு அங்கேயே பாக்கிக் கூலி கணக்குப் பார்க்கப்படுகிறது, பிறகு மூன்று மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உதவித்தொகை. முதலாளியின் பெயர் அழுக்குப் பட்டியல் என்று மக்கள் அழைக்கும் பொதுப் பட்டியலில் ஏறுகிறது. வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டமாகிறது.

இது சும்மா நடக்கவில்லை. 2004 ஜனவரி 28 அன்று ஊனாயி என்ற ஊரில் மூன்று தொழிலாளர் ஆய்வாளர்களும் அவர்களின் ஓட்டுநரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2017இல் அன்றைய அரசு பண்ணை முதலாளிகளுக்காக வரையறையைச் சுருக்க ஆணை போட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிரேசில் வெர்தே பண்ணை வழக்கில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் பிரேசில் அரசையே குற்றவாளி என்றது. வறுமையால் வரலாற்று ரீதியாக ஒதுக்கப்பட்டவர்கள் மீதான பாகுபாட்டை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகப் பேசியது. பண்ணை முதலாளி மட்டுமல்ல, ஒரு கூட்டத்தை அடிமையாக்கக்கூடிய நிலையில் வைத்திருந்த அரசும் பொறுப்பு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1843இலேயே பிரிட்டிஷ் அரசு, அடிமை என்ற உடைமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் போட்டது. 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்பலாம் என்றது அது. முதல் சட்டம் அடிமை என்ற பெயரை எடுத்தது, இரண்டாவது முன்பணத்தால் மீண்டும் கட்டிப்போட்டது. 1920களின் நடுப்பகுதிவரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. இன்று சட்டம் இல்லை, முன்பணம் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஊர் வேலைக்குக் கூலியில்லாமல் ஒரு சாதியையே கட்டிவைத்திருந்த முறை அது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு ஆள் வணிகத்தையும் வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடைசெய்கிறது. இதைக் கவனியுங்கள். பாலெர்மோவுக்கு 50 ஆண்டுக்கு முன்பே, கடத்தலும் கட்டாய உழைப்பும் ஒரே நோயின் இரு முகம் என்று நம் அரசியலமைப்பு சொல்லிவிட்டது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கொத்தடிமைக் கடன் ரத்து. விடுவிக்கப்பட்டவரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது. நேபாளத்தில் நடந்ததைத் தடுக்கும் பிரிவு இங்கே முன்பே இருக்கிறது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. ஆனால் நடைமுறையில் யார் நிரூபிக்கிறார்கள்? தொழிலாளிதான்.

என் ஆய்வு செங்கல் சூளைக் குடும்பங்களைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரில் வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். கணவனையும் மனைவியையும் சேர்த்து ஒரு ஜோடி என்று எண்ணுவார்கள். முன்பணம் ஜோடிக்குத்தான், மனைவி உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது. பொங்கல் முடிந்ததும் வண்டி வரும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கையில் கொடுப்பார்கள். கணக்கு சீசன் முடிவில். கோடை மழையில் பச்சைக் கல் கரைந்தால் நட்டம் தொழிலாளி தலையில். கணக்கு முடியும்போது பாக்கி நிற்கும், அது அடுத்த ஆண்டு முன்பணத்தோடு சேரும்.

உங்களைக் கடத்திக்கொண்டு வந்தார்களா என்று விசாரணைக்கு வரும் அதிகாரி கேட்டால், இல்லை, நாங்களாகத்தான் வண்டி ஏறினோம் என்றுதான் சொல்வார்கள். உண்மையும் அதுதான். பூட்டிவைத்தார்களா என்றால், சந்தைக்குப் போய்வந்தோம் என்பார்கள். அதுவும் உண்மை. பிள்ளைகளை சூளையில் விட்டுவிட்டுத்தான் போனோம் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். கேள்வியின் முடிவில், இது கூலித் தகராறு, கொத்தடிமை இல்லை என்று எழுதப்படும். விடுதலைச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லை என்றால் கடன் ரத்து இல்லை, உதவித்தொகை இல்லை. கோட்டாட்சியரின் ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகள் தொங்குகின்றன.

அப்படியே சான்றிதழ் கிடைத்தாலும் அடுத்த சுவர் நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தின்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய வகைகளில் 3 லட்சம். ஆனால் உடனடியாகக் கிடைப்பது இப்போது 30,000 வரை. முழுத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. முதலாளி தண்டிக்கப்பட்டால்தான் நீ அடிமையாக இருந்தாய் என்று அரசு நம்பும். அமெரிக்காவின் சிறப்பு விசாவும் பொதுவாக போலீசோடு ஒத்துழைப்பவருக்குத்தான். எல்லா அரசுகளும் பாதிக்கப்பட்டவரை முதலில் சாட்சியாகப் பார்க்கின்றன, பிறகுதான் மனிதராக.

கணக்கைப் பாருங்கள். 2030க்குள் சுமார் 1.84 கோடிக் கொத்தடிமைகளை மீட்டு மறுவாழ்வு கொடுப்போம் என்று 2016இல் ஒன்றிய அரசு சொன்னது. 1978 முதல் மறுவாழ்வு பெற்றவர்கள் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995இல் சொன்னது. மாநில அரசு அதை ஏற்கவில்லை. அரிசி ஆலையில், மரம் வெட்டும் இடத்தில், சூளையில் மீட்கப்படுபவர்கள் யார்? இருளர்கள், பறையர்கள், அருந்ததியர்கள். இது தற்செயல் என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும். சமூகநீதி பேசும் மண்ணில் இந்தக் கேள்வியை நாம்தான் உரக்கக் கேட்க வேண்டும்.

மாற்று இல்லையா? இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் கொல்லப்பட்டார். கொன்றவர் ஆலையின் மேற்பார்வையாளர். பாலியல் தொல்லை நெடுநாளாக நடந்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் நிறுவனமும் சட்டப்படி கட்டுப்பட்டன. தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்கள். அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்பு அறிகுறிகளைக் காட்டி அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பரில் நீக்கியது. நீக்கியதற்கு அடிப்படை, தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தத்தால் ஆலைக்குள் வந்த மாற்றங்கள். அரசுகளின் தடையும் அறிக்கையும் தொழிலாளர் கையில் ஆயுதமாகும்போதுதான் வேலை செய்யும். அவை மட்டும் தனியே வந்தால் சரக்கு நிற்கும், கடைசியில் வேலையிழப்பது அதே பெண்கள்தான்.

அதனால் நான் சொல்லவருவது நான்கு விஷயம்.

ஒன்று, மறுவாழ்வுத் தொகையைத் தண்டனைத் தீர்ப்பிலிருந்து பிரிக்க வேண்டும். பிரேசிலால் முடிகிறது என்றால் நம்மாலும் முடியும்.

இரண்டு, கொத்தடிமை வழக்கு ஒவ்வொன்றிலும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, முதலாளி அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கட்டாய உழைப்புப் பிரிவைச் சேர்க்க வைக்க வேண்டும். சாதியின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏற வேண்டும்.

மூன்று, 1976 சட்டப்படி மாவட்டந்தோறும் விழிப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது? ஒரு தகவல் உரிமை மனு, பத்து ரூபாய். இந்த அறையில் இருப்பவர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை.

நான்கு, நிலம். மீட்பு ஒரு நாள் நிகழ்ச்சி. புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம், நாளிதழில் செய்தி வரும். அடுத்த மழைக்காலத்தில் வேலையில்லாத அந்தத் தெருவுக்கு மேஸ்திரி மீண்டும் வருவார். அவர் வரும்போது வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அந்தக் குடும்பம் இருக்கிறதா என்பதுதான் ஓர் அரசு ஆள்கடத்தலை ஒழிக்கிறதா இல்லையா என்பதற்கான சோதனை. வாஷிங்டன் போடும் மதிப்பெண்ணை விட எனக்கு இந்தச் சோதனை முக்கியம். பஞ்சமி நிலக் கோரிக்கையும் கொத்தடிமை ஒழிப்பும் வேறு வேறு போராட்டங்கள் என்று இனியும் நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.